லாக்கர் மேல் வைத்த அட்டை

எங்கள் அறையில் அவருக்கு ட்ரையல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு யார்டு. கப்பல் கட்டுகிற இடம். அவர் அங்கே சிக்னல்மேன். இரும்புத் தகடு, குழாய், இஞ்சின் பாகம் எல்லாம் கிரேனில் தொங்கித்தான் கப்பலுக்குள் போகும். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டுக்குள் இருப்பார். கீழே நடப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்மேன் கையைக் காட்டுவார். அந்தக் கைக்குத்தான் கிரேன் அசையும்.

பாரத்தைக் கட்டியதும் நேரே தூக்கிவிட மாட்டார்கள். தரையை விட்டு ஒரு சாண் தூக்கி நிறுத்துவார்கள். கட்டு வழுக்குகிறதா, பாரம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் ட்ரையல் லிஃப்ட். எல்லாரும் செய்வதுதான். மற்றவர்கள் நிறுத்தினால் ஒரு மூச்சு விடுகிற நேரம். இவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான்.

பாரம் தொங்கும். இவர் சுற்றி வருவார். குனிந்து அடியில் பார்ப்பார். நிமிர்ந்து கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பார். கூண்டிலிருந்து கிரேன்காரர் வாக்கிடாக்கியில் கத்துவார். சூப்பர்வைசர் வந்து கத்துவார். இவர் நீட்டிய கை நீட்டியபடி இருக்கும்.

கடைசியில், "ஒண்ணும் இல்ல. தூக்கு" என்பார்.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

"ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டம்ல" என்பார்.

நான் பெயிண்டர். அவர் பாரத்தை நிறுத்தும்போது வேலையை விட்டுவிட்டு நானும் பார்ப்பேன். அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு இரும்புதான் தெரிந்தது.

யார்டோடு நின்றிருந்தால் யாரும் பேர் வைத்திருக்க மாட்டார்கள். அவர் எதையுமே அப்படித்தான் செய்வார்.

ஒரு தடவை பெரிய பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். ஊருக்குப் போகும்போது சாமான் கொண்டு போக. கடைக்குப் போய் அளவு பார்த்து வந்தார். கட்டிலுக்குக் கீழே சாக்பீஸால் அந்த அளவுக்குக் கட்டம் போட்டார். அந்தக் கட்டத்துக்குள் செருப்பு வைக்க மாட்டார். வாளி வைக்க மாட்டார். கூட்டும்போது அந்த இடத்தைச் சுற்றிக் கூட்டுவார்.

"யோவ், அங்க என்னய்யா இருக்கு?" என்று கேட்டேன். நானும் அவரும் ஒரே வயது. யோவ் போட்டுத்தான் பேசிக்கொள்வோம்.

"பெட்டி இருக்கு."

"எங்க?"

"இருந்தா எப்படி இருக்கும்னு பாக்குறேன். கால் இடிக்குதான்னு."

இடிக்கவில்லை என்று தெரிந்தபிறகு வாங்கினார்.

கல்யாணக் கதையை அவரே சொன்னார். பட்டுக்கோட்டைப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிடித்திருக்கிறது. உடனே சரி என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆனவன் மாதிரியே இருந்து பார்த்தாராம்.

"எப்புடிய்யா இருப்ப? பொண்ணு இல்லாம?"

"எங்க போனாலும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவேன்."

"யார்கிட்ட?"

"செவுத்துகிட்ட."

கட்டிலில் படுத்திருந்த சேவியர் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "செவுரு என்னண்ணே சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா சொல்லிட்டுப் போறது நல்லாருந்துச்சுடா. சரின்னுட்டேன்."

சிரித்து முடித்தபிறகு நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. நான் எதையும் பார்க்கவில்லை. கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

எல்லாம் இப்படி நல்லதாக முடிந்தது என்று இல்லை. ஊரில் ஒரு மனை விலைக்கு வந்தது. அவர் அதை வாங்கியதுபோல் நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகப் போவாள். வாசல் எந்தப் பக்கம், முருங்கை எங்கே என்று போனில் பேசிக்கொள்வார்கள். அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். பேசிக்கொண்டே இருந்தார்கள். வேறு ஆள் வாங்கிவிட்டான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தமா என்று தெரியவில்லை.

"போச்சேய்யா" என்றேன்.

"போச்சு. கொஞ்ச நாளு அது எங்க எடம் மாதிரி இருந்துச்சு. அது போதும்னு சொல்லல. இருந்துச்சு."

அன்றைக்கு அவரை நினைத்து எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. ஒரே மகள். கல்யாணம் நடக்கிற மாதத்தில்தான் யார்டில் கப்பலை முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் அவர் ஏற்கெனவே ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டார், அம்மா செத்துப்போனதற்கு. மறுபடி லீவு கேட்டால் என்ன ஆகும் என்று சூப்பர்வைசரிடம் ஜாடையாகக் கேட்டிருக்கிறார். "போலாம். திரும்பக் கூப்பிடுவாங்களான்னு நான் சொல்ல முடியாது" என்று பதில் வந்தது.

மனைவியிடம் பேசினார். போகவில்லை என்று முடிவு செய்தார்கள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அவருடைய தம்பி இருக்கிறார். வீட்டில் எல்லாரும் சரி என்றார்கள். மகளும் சரி என்றாள். சரிப்பா என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதாக என்னிடம் சொன்னார். அதை ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சேவியர் மானிட்டர் பேச்சை எடுத்தான்.

சேவியர் சிவகங்கைப் பக்கம். வெல்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போவான், மத்தியானம் கம்ப்யூட்டரில் படம் வரைகிற கோர்ஸுக்குப் போவான். அவனிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதன் திரையில் கோடு கோட்டின்மேல் ஏறித் தெரியும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பான்.

"அண்ணே, ஸ்மார்ட் மானிட்டர்னு ஒண்ணு வருது. ரூமுக்கு எல்லாரும் சேந்து வாங்குவோம். எனக்குப் படிக்க ஆச்சு. உங்களுக்குப் படம் பாக்க ஆச்சு."

"டிவின்னு சொல்லு" என்றேன்.

"டிவி இல்லண்ணே. மானிட்டர். ஆனா டிவியும்தான்."

"கம்ப்யூட்டர் வேணுமா?"

"வேணாம். அதுக்குள்ளயே எல்லாம் இருக்கு."

"அப்ப அது கம்ப்யூட்டரா?"

"இல்லண்ணே." தலையைச் சொறிந்தான். "நேர்ல பாத்தா புரியும்."

மேல் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து பழனி பேசினான். அவனுக்கு நைட் ஷிஃப்ட். பகலில் எப்போது பார்த்தாலும் போர்வைதான். "எது வேணா வாங்குங்கடா. சத்தம் மட்டும் வராததா பாத்து வாங்குங்க."

எங்கள் அறையில் எல்லாரிடமும் போன் உண்டு. வேலை முடிந்து வந்து குளித்து, சாப்பிட்டு, அவரவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து போனைப் பார்ப்பார்கள். அறை நிறைய ஆள் இருக்கும். முதுகுதான் தெரியும்.

வாங்கலாமா வேண்டாமா என்பதை ட்ரையலிடம் விட்டுவிட்டோம். அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்று சேவியர் நினைத்தான். மகள் கல்யாணத்தை அதில்தான் பார்க்கப் போகிறேன் என்று அவரே மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"ஓகேதானண்ணே?" என்றான்.

"கொஞ்சம் தூக்கி நிறுத்து. பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரையல், சேவியர், நான் மூன்று பேரும் தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போனோம். சேவியர் கோர்ஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தான். சிராங்கூன் ரோட்டில் அன்று நடக்க இடம் இருக்காது. பரோட்டா சாப்பிட்டுவிட்டு, பின்பக்கத் தெருவில் ஒரு எலக்ட்ரானிக் கடைக்குள் நுழைந்தோம். உள்ளே ஏசி நன்றாக இருந்தது. வேலைக்கு நின்றது இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். கழுத்தில் கடையின் அட்டை தொங்கியது.

"வாங்க அங்கிள். எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க? வொர்க்கா, மூவியா?"

"எல்லாத்துக்கும்" என்றான் சேவியர்.

"அப்போ இது கரெக்ட் லா. பில்ட்-இன் ஆப்ஸ் இருக்கு. லேப்டாப் கனெக்ட் பண்ணாமலே ஓடும், வைஃபை இருந்தா போதும். ரிமோட் கூடவே வரும். கேபிள் போட்டா நார்மல் மானிட்டர்."

"இதுக்கு டிவியே வாங்கிடலாமேம்மா" என்றேன்.

"தள்ளி உக்காந்து படம் மட்டும் பாக்கணும்னா டிவி வாங்குங்க அங்கிள். இவரு பக்கத்துல உக்காந்து எழுத்து படிக்கணும்னா இதுதான் கிளியரா இருக்கும்."

திரையில் மீன்கள் நீந்தின. நிறம் கண்ணில் அடித்தது. ட்ரையல் ஒரு ஸ்டூலை இழுத்து அதன் முன்னால் உட்கார்ந்தார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"இத அணைங்கம்மா."

"ஏன் அங்கிள், பிடிக்கலையா?"

"அணைச்சு வெச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அவள் சிரித்தாள். "அணைச்சு வெச்சா கருப்பா இருக்கும் லா அங்கிள்!"

"நாங்க வேலைக்குப் போயிடுவோம். நாள்ல முக்காவாசி அது அப்படித்தானம்மா இருக்கப் போவுது."

அணைத்தாள். கருப்புக் கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அவர் அதையும் மீன்களைப் பார்த்த மாதிரியே பார்த்தார். அந்தப் பெண்ணும் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல போட்டதும் அது என்ன கேக்கும்?" என்றார்.

"அக்கவுண்ட் கேக்கும் அங்கிள். ஈமெயில் போட்டு சைன்-இன் பண்ணணும்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான்."

"நாங்க ஒரு ரூமு."

"யாராச்சும் ஒருத்தர் பேர்ல போடுங்க லா."

"அவன் வேற எடத்துக்கு மாறிப் போயிட்டா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ ரீசெட் பண்ணி வேற பேர்ல போட்டுக்கலாம்."

"நெட் இல்லன்னா?"

"ஆப் ஓடாது. கேபிள் போட்டு யூஸ் பண்ணலாம்."

"எத்தன நாளைக்கு இப்படி வேகமா இருக்கும்? எங்க போனெல்லாம் வர வர மந்தமாயிடுது."

அவள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உண்மைய சொல்லணும்னா, உள்ள இருக்கிற ஆப் ஸ்லோ ஆகலாம் அங்கிள். அப்டேட் நின்னுடும். ஸ்க்ரீன் நல்லாதான் இருக்கும்."

"புத்தி போயிடும், உடம்பு இருக்கும்" என்றான் சேவியர். "எங்க சூப்பர்வைசர் மாதிரி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ட்ரையல் எழுந்தார். "சரிம்மா. இதோட காலி அட்டைப்பெட்டி ஒண்ணு கிடைக்குமா?"

சேவியருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. ஏதோ கேட்க வந்து, கேட்காமல் உள்ளே போய் ஒரு பெட்டி எடுத்து வந்து கொடுத்தாள்.

எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதிர் சீட்டில் இருந்தவர்கள் பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். எங்கள் அறை இருக்கிற டார்மெட்ரி வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"என்ன வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கல."

செக்யூரிட்டி பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மூடிக் கொடுத்துவிட்டார்.

பெட்டியின் முன்பக்கத்தை அந்த மானிட்டர் அளவுக்கே வெட்டினார். தமிழ்ப் பேப்பரில் ஒரு பக்கத்தை அதில் ஒட்டினார். பின்னால் ஒரு முட்டுக் கொடுத்து, ஜன்னல் பக்கத்து லாக்கர் மேல் நிறுத்தினார். ஒவ்வொரு கட்டிலாக ஏறி உட்கார்ந்து பார்த்தார். பழனியை எழுப்பி, "தலைப்பு படிக்க முடியுதா?" என்று கேட்டார்.

"எந்தத் தலைப்புண்ணே?" பழனிக்குக் கண்ணே திறக்கவில்லை.

"பெரிய எழுத்து."

"தங்கம் விலை ஏறிடுச்சாம்."

"சரி. தூங்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் நேரே அட்டைமேல் விழுந்தது. எழுத்து தெரியவில்லை. எதிர்ச் சுவர் லாக்கருக்கு மாற்றினார். அங்கே பிளக் பாயிண்ட் தூரம். மறுபடி மாற்றினார். கதவுப் பக்கம் வைத்தபோது குளித்துவிட்டு வருகிறவன் துண்டோடு அதன் முன்னால் நின்றான். கேமரா இருந்தால் ஊரில் இருக்கிற பெண்சாதிக்கு இவன்தான் தெரிவான் என்றார். அதுவும் எங்களுக்குத் தோன்றாதது. கடைசியில் மூலையில் ஓர் இடம் சரிப்பட்டது.

முதலில் கேலிதான். சேவியர் அதன்மேல் துண்டைக் காயப் போட்டான்.

"டேய், படம் ஓடிக்கிட்டிருக்கு. எடுறா" என்றார்.

"என்ன படம்ணே?"

"உனக்குப் பிடிக்காது."

பழனி போர்வைக்குள்ளிருந்து, "வால்யூமைக் கொறைங்கடா" என்பான். வேலை விட்டு வருகிறவன் எல்லாம், "இன்னிக்கு என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே நுழைவான். ஒருவன் எதிர்க் கட்டிலில் வந்து உட்காருவான். இன்னொருவன் தரையில் உட்காருவான். தங்கம் விலையில் ஆரம்பித்து பேச்சு எங்கேயோ போகும். அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

நான் கவனித்தது பிந்தித்தான். அறையில் முதுகு குறைந்திருந்தது. அவர் முன்பே கவனித்துவிட்டார் போல. மூலையில் நின்று, பாரத்தைப் பார்க்கிற மாதிரி, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த மனை ஞாபகம் வந்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்தையும் விட்டுவிடுவாரோ என்று இருந்தது.

"யோவ், எப்ப முடிவு சொல்லப் போற?"

"இன்னும் ஒண்ணு பாக்கணும்."

அந்தச் சனிக்கிழமை எல்லாரிடமும் சொன்னார். "நாளைக்குக் காலைல அந்த எடத்தக் கொஞ்சம் விட்டுக் குடுங்க."

மறுநாள் குளித்தார். முகம் மழித்தார். தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை, வேட்டி. கல்யாணத்தன்று ஊரில் முகூர்த்தம் காலையில். நமக்குப் பத்து மணிக்கு மேல் வரும். சரியாக அந்த நேரத்துக்கு ஸ்டூலைப் போட்டு அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்த சேவியர் ஆரம்பித்தான். "அண்ணே, நாதஸ்வரம் போடவா?"

கேலிக்குத்தான் கேட்டான். அவர் திரும்பாமலே, "போடு" என்றார்.

போனில் தேடிப் போட்டான். கொஞ்சம் சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. பழனி எழுந்து கட்டிலில் உட்கார்ந்தான். ஒருவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை முழங்கால்மேல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையும் மெதுவாக எழும்பின. உள்ளங்கை மேலே திரும்பியது. எதையோ வாங்கிக்கொள்ளப் போகிற மாதிரி. அங்கே ஒன்றும் இல்லை. அவர் கையைப் பார்த்தார். மறுபடி முழங்கால்மேல் வைத்தார். நாதஸ்வரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முகூர்த்த நேரம் முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சட்டைப் பித்தானைக் கழற்றினார்.

"என்னய்யா?" என்றேன்.

"கைக்கு வேல இல்லய்யா."

"என்ன வேல?"

"நல்லாத்தான் இருக்கு. பொண்ணு தெரியும். மாப்ள தெரியும். கூட்டம் தெரியும். எல்லாம் தெரியும். கை மட்டும் சும்மா இருக்கு."

சேவியர் போனை அணைத்தான். "அப்ப வாங்க வேணாமாண்ணே?"

"எனக்கு வேணாம். நீங்க வாங்குங்கடா."

"ஏன்?"

"வெறும் அட்டைக்கே இத்தன பேரு எறங்கி வந்து உக்காந்துட்டீங்க."

திங்கட்கிழமை லீவு கேட்டார். கொடுத்தார்கள். திரும்பக் கூப்பிடுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே பதில் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாமான் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டைகளை மடித்து வைத்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போயிட்டு என்ன பண்ணுவ? அத ட்ரையல் பாத்தியா?"

"அதுக்கு அட்ட கிடைக்கலய்யா."

சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியின்மேல் நான் ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். அவர் ஜிப்பை இழுத்தார்.

கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஊரில் லோடு ஏற்றுகிற இடத்தில் கொஞ்ச நாள் இருந்ததாகக் கேள்வி. பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சேவியர் சொன்னான். அந்த அறையும் இப்போது கலைந்துவிட்டது. நான் வேறு டார்மெட்ரியில் இருக்கிறேன். நானும் கடைக்குப் போனால் எதையாவது கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை.

மானிட்டரைக் கல்யாணத்துக்கு முந்திய வாரம் வாங்கினோம். அந்தப் பெண்தான் விற்றாள். அட்டை அங்கிள் வரவில்லையா என்று கேட்டாள். மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றேன். சந்தோஷப்பட்டாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே எல்லாரும் இடம் பிடித்துவிட்டார்கள். சேவியர் அன்று விடியற்காலைப் பூசைக்குப் போய் வந்துவிட்டான். மானிட்டரைப் போட்டால் அது அப்டேட் வேண்டும் என்றது.

"இப்பவா கேப்ப? இப்பவா?" என்று சேவியர் அதைத் திட்டினான்.

"வேணாம்னு அமுக்குறா."

"வேணாம்னு ஒரு பட்டனே இல்லண்ணே. அப்புறம்னுதான் இருக்கு."

"அப்புறம்னு அமுக்கு."

டார்மெட்ரி வைஃபை இழுக்கவில்லை. என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். படம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மண்டபத்தில் அவருடைய தம்பி போனைப் பிடித்திருந்தார். அவருக்குத்தான் இப்போது வேறு வேலை இல்லை. மணமேடை முதலில் சாய்வாகத் தெரிந்தது, பிறகு நிமிர்ந்தது.

ட்ரையல் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். இரண்டையும் சேர்த்துத் தன் கையில் ஏந்திக்கொண்டார். அவர் மனைவி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் அந்தக் கைகள்மேல் விழுந்து விரலிடுக்கில் வழிந்தது. இவ்வளவு பெரிதாக அவர் கையை நான் பார்த்ததே இல்லை. நகத்தில் இருந்த கறுப்புகூடத் தெரிந்தது.

"கிளியரா இருக்குல்ல" என்றான் சேவியர்.

தாலி கட்டி முடிந்து, கூட்டம் கலைந்தபிறகு அவர் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். வேர்த்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"தெரியுதாய்யா?" என்றார்.

"தெரியுது."

"எல்லாரும் இருக்கீங்களா? பழனி?"

"முழிச்சிட்டுதாண்ணே இருக்கேன்" என்றான் பழனி.

"கடைசிக் கட்டிலு வரைக்கும் தெரியுதா?"

"தெரியுதுய்யா. நீ போய் வேலயப் பாரு."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஒரு பெண்குரல், "அப்பா, சம்பந்தி வீட்ல கூப்புடுறாங்க, வாங்க" என்றது. "இந்தா வரேம்மா" என்று திரும்பினார். கையில் போன் இருந்ததை மறந்துவிட்டார். எதன்மேலோ அதை மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மண்டபத்தின் கூரை தெரிந்தது. ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த காகிதத் தோரணம் கூடவே சுற்றியது. கீழே எங்கேயோ இலை போடுகிற சத்தம். தண்ணீர் கேட்கிற சத்தம். "பாயசம் இந்தப் பக்கம் வரலப்பா" என்று ஒருவர் சத்தம் போட்டார். யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

சேவியர் ரிமோட்டை எடுத்தான். "போயிட்டாருண்ணே. அணைக்கவா?"

பழனி கட்டிலிலிருந்து இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தான்.

"இருக்கட்டும்" என்றேன்.